செத்த காலேஜில் ஓர் ஆண் சாரை

தஞ்சாவூரில் பெண்களை முன்னேற்றுவதற்கென்று ஒரு நாள் ஒதுக்கினார்கள். தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி முதல் மாலை நாலரை வரை. நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. மிச்ச நேரத்தில் முடிந்த மட்டும் முன்னேற்றினார்கள்.

இடம், ராவ்சாகிப் நினைவு இயற்கை அருங்காட்சியகம். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், கண்ணுகளா. வெள்ளைக்காரனிடம் பட்டம் வாங்கிய ஒரு மிராசுதார் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டார். சுட்டதையெல்லாம் வைக்கோல் திணித்துத் தைத்துத் தம் பங்களாவில் வரிசையாக நிறுத்தினார். சுடுவதற்குக் கட்டுப்படியாகாத சின்ன உயிர்களைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு மருந்துத் தண்ணீர் ஊற்றி மூடினார். ஒரு நாள் அவரும் போய்ச் சேர்ந்தார். அவரை மட்டும் திணிக்காமல் எரித்துவிட்டு, பங்களாவை அறக்கட்டளை ஆக்கினார்கள். மெட்ராசுக்குப் போய் வந்த சனங்கள் அங்கே அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்று சொல்வதைக் கேட்டு வந்து, இதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

செத்த காலேஜுக்குக் காப்பாட்சியர் கோவிந்தராசு. அவர் படித்தது வரலாறு, எம்.ஏ. ஊர்வன, பறப்பன, நீந்துவன எல்லாம் அவருக்குச் சோழர் காலத்துக்குப் பிற்பட்டவை, ஆகவே முக்கியமில்லாதவை. ஆனாலும் உழைப்பாளி. குடுவைகளில் வாயில் நுழையாத லத்தீன் பெயர்கள் மட்டும் இருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், நூற்றுப் பதினெட்டுக் குடுவைகளுக்கும் தம் கையாலேயே தமிழில் விளக்கச் சீட்டு எழுதி ஒட்டினார். தெரிந்ததை எழுதினார். தெரியாததையும் எழுதினார். இரண்டும் ஒரே அழகான கையெழுத்தில் இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த முன்னேற்றத்துக்கு வந்து சேர்ந்த நாற்பது பெண்களில் ஒருத்தி சாஜிதா. பேராவூரணிக்குப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

சாஜிதாவின் அத்தா அன்சார் சவுதியில், தம்மாமில், தண்ணீர் லாரி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வரும்போது பெரிய பெரிய பால்பவுடர் டின் கொண்டு வருவார். பவுடர் தீர்ந்ததும் மற்ற வீடுகளில் அந்த டின்னில் மிளகாய் வற்றல் போட்டு வைப்பார்கள். சாஜிதா பாம்பு முட்டை போட்டு வைத்தாள்.

அவள் வேண்டுமென்று தேடிப் போகவில்லை. தோப்பில் காய்ந்த மட்டைக் குவியலைப் பிரித்தபோது, அடியில் ஒரு சாரைப் பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்திருந்தது. ஆட்களைக் கண்டதும் அது ஓடிவிட்டது. தோப்பில் வேலை செய்த காளியம்மாள் மண்வெட்டியை எடுப்பதற்குள், இவள் இரண்டு முட்டைகளைத் தாவணித் தலைப்பில் சுருட்டிக்கொண்டாள். டின்னில் ஈரத் தென்னைநார்த் தூளைப் பரப்பி, முட்டைகளை வைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தாள். தினமும் நோட்டில் எழுதினாள். அறுபத்து மூன்றாவது நாள் இரண்டு குட்டிச் சாரைகள் வெளியே வந்து அவளைப் பார்த்து நாக்கை நீட்டின. அம்மா ரசியா பேகம் அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தப் பக்கம் போய்க் கோழிக்குத் தவிடு வைக்கவில்லை.

இப்படிப்பட்ட பெண் என்ன படிக்க ஆசைப்படுவாள்? விலங்கியல். ஆனால் அந்த வருஷம் யாருமே அதைப் படிக்கவில்லை. அந்த வருஷம் எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் என்ற ஒன்றைப் படித்தார்கள். அது கிடைக்காதவர்கள் பி.காம். படித்தார்கள். அதுவும் கிடைக்காதவர்களைக் கட்டிக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை தோறும் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்கு அத்தா பேசுவார். சாஜிதா விஷயத்தைச் சொன்னாள்.

"அத்தா, எனக்கு ஜுவாலஜி படிக்கணும்."

குரல் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்து திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஜுவல்லரியா? நகைக்கடைக்கெல்லாம் படிப்பு வந்திருச்சா?"

"ஜுவல்லரி இல்லத்தா. ஜுவாலஜி. மிருகம், பாம்பு, பூச்சி இதப்பத்தி."

மறுபடி கடல். பிறகு, "மாட்டு டாக்டரா?"

"அதும் இல்லத்தா."

"அப்ப என்னதான்மா அது? சரி, காசு ஓடுது. மாமாகிட்ட கேளு. பக்கத்துல இருக்கவரு அவருதான். மாமா கையெழுத்துப் போட்டா எனக்குச் சம்மதம்னு வெச்சுக்க."

மாமா, ரசியா பேகத்தின் அண்ணன் அல்லா பிச்சை. பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், நிபந்தனை வைப்பார்கள். காலேஜ் விண்ணப்பத்தில் பாதுகாவலர் கையெழுத்து என்ற இடத்தைக் காட்டியபோது அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்த செத்த காலேஜ் நோட்டீசைப் படித்தார். பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்ட நோட்டீஸ்.

"வினாடி வினா, முதல் பரிசுன்னு போட்டிருக்கே. போய்ட்டு வா. முதல் பரிசு வாங்கினா, நின்ன இடத்துலயே கையெழுத்துப் போடுறேன்."

"வாங்கலன்னா, மாமா?"

"வாங்கலன்னா, பொம்பளப் புள்ளைக்குப் பாம்பு பல்லி படிப்பு வேணாம்னு அல்லாவே சொல்லிட்டான்னு அர்த்தம். மண்டியில இருவத்தாறு வருஷம் ஒக்காந்திருக்கேன். ஒருதரம் சொன்ன சொல்ல மாத்துனதில்ல. ஒனக்கும் மாத்தமாட்டேன்."

"குவைத்து மாப்பிள்ளை வீட்டுல வேற கேட்டுக்கிட்டு இருக்காங்கண்ணே" என்றாள் ரசியா பேகம், யார் பக்கம் பேசுகிறோம் என்று தனக்கே தெரியாமல்.

"அவங்க படிச்ச பொண்ணுதான் வேணுங்கறாங்க, தங்கச்சி. ஆனா பாம்பு படிச்ச பொண்ணுன்னு சொன்னா, அத நான் எந்த மொகத்தோட சொல்றது?"

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள், அந்த நிகழ்ச்சிக்கு மறுநாள் வியாழக்கிழமை. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புதன்கிழமை காலை சாஜிதா மாமாவோடு பஸ் ஏறினாள். ஒரத்தநாடு வரைக்கும் மாமா பக்கத்து சீட்டுக்காரரோடு மேட்டூர் திறப்பார்களா, கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா என்று பேசிக்கொண்டே வந்தார். தண்ணீர் வராத புது ஆற்றுக் கால்வாயில் மாடு மேய்ந்தது. அவள் கையெழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தாள்.

செத்த காலேஜ் வாசலில் மாமாவை நிறுத்திவிட்டார்கள்.

"பெண்களுக்கான நிகழ்ச்சி, பாய். ஆம்பளைங்க வெளியில இருக்கணும்" என்றார் கோவிந்தராசு.

மாமா எட்டிப் பார்த்தார். மேடையில் ஏழு நாற்காலி. ஏழிலும் ஆண்கள்.

"அவங்க?"

"அவங்க சிறப்பு விருந்தினருங்க."

மாமா வேப்ப மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே விஞ்ஞானம் கோலத்தில் தொடங்கியது. பத்துப் பெண்களை வாசலில் பட்டாம்பூச்சிக் கோலம் போடச் சொன்னார்கள். அது பூச்சியியல். பத்துப் பெண்களை மேடைக்குப் பூ கட்டச் சொன்னார்கள். அது தாவரவியல். சாஜிதா கையில் பன்னீர்ச் செம்பையும் கல்கண்டுத் தட்டையும் கொடுத்து விருந்தினரை வரவேற்கச் சொன்னார்கள். அது எந்த இயல் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள் மாலதி, திருப்பனந்தாள் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். வாய் ஓயாதவள்.

"ஏய், நீ எதுக்கு வந்த?"

"ஜுவாலஜி சேரணும். முதல் பரிசு வாங்குனாதான் எங்க மாமா கையெழுத்துப் போடுவாங்க. நீ?"

"பஸ்ஸு ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. நான் கம்ப்யூட்டர் சேரப்போறேன். எங்க சின்னண்ணன் அமெரிக்காவுல இருக்கான். அங்க பாம்பே கெடையாதாம்."

"இருக்கு. நெறய இருக்கு."

"அத அவன்கிட்ட சொல்லிராத. பயந்தாங்கொள்ளி, திரும்பி வந்துருவான்."

மேடையில் பேச்சு நடந்தது. முன்னேறுகிற பெண்களில் ஒருத்தியாவது மேடையில் இருக்கவேண்டும் என்று யாருக்கோ தோன்றி, இறை வணக்கம் பாட ஓர் ஆசிரியையை ஏற்றினார்கள். பாடி முடித்ததும், நாற்காலி இல்லாததால் இறக்கிவிட்டார்கள். பிறகு ஏழு பேரும் பேசினார்கள். பெண்கள் விண்ணைத் தொடவேண்டும் என்று ஏழு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். அவர்கள் தலைக்கு நேர் மேலே ராவ்சாகிப் காலத்துப் பலகை ஒன்று தொங்கியது: கண்ணாடியைத் தொடாதீர்கள்.

பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் செலவை ஏற்றிருந்தது ஓர் எலிமருந்துக் கம்பெனி. அதன் மண்டல மேலாளர்தான் முதன்மை விருந்தினர். எலியை ஒழித்தால் நாடு செழிக்கும், இயற்கையை நேசியுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அறக்கட்டளைத் தலைவர், பெண்ணுக்குப் பொறுமை அதிகம், ஆகவே ஆராய்ச்சிக்கு ஏற்றவள் என்றார். சொன்னதோடு விடாமல் நாற்பது நிமிஷம் பேசி அதைச் சோதித்தும் பார்த்தார்.

பதினொன்றே முக்காலுக்கு வரிசையாகச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு கண்ணாடிப்பெட்டிக்கு அரை நிமிஷம். நடு மண்டபத்தில் ஊர்வனக் குடுவைகள். கோவிந்தராசு கையில் குச்சியோடு நின்றார்.

"இது நல்ல பாம்பு. பெண். கொடிய விஷமுள்ளது. பக்கத்துல இருக்கறது சாரைப் பாம்பு. அதாவது, நல்ல பாம்பின் ஆண். விஷமற்றது. எழுதிக்குங்க."

நாற்பது பேனாக்கள் எழுதின. சீட்டிலும் அப்படித்தான் இருந்தது: சாரை. நல்ல பாம்பின் ஆண். விஷமற்றது.

இதில் கோவிந்தராசுவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, கண்ணுகளா. வெண்ணாற்றங்கரையிலிருந்து கடற்கரை வரைக்கும் எந்த ஊரில் கேட்டாலும் சாரைதான் ஆண், நாகம்தான் பெண் என்பார்கள். இரண்டும் பிணைந்து ஆடியதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அல்லா பிச்சை மாமாவே தோப்பில் சாரையை அடிக்க விடமாட்டார். ஒன்று, அது எலி தின்னும். இரண்டு, அடித்தால் பெண்டாட்டி நல்ல பாம்பு தேடி வரும். ஒரு சோடியில் விஷமெல்லாம் பொம்பளையிடம்தான் இருக்கும் என்பதில் மட்டும் ஜில்லாவில் சாதி மத பேதமே கிடையாது. கோவிந்தராசு செய்ததெல்லாம் அதற்குச் சீட்டு எழுதியதுதான்.

வரிசை தள்ளியதில் சாஜிதா குடுவை மேசைக்குப் பின்பக்கம் போய்விட்டாள். பின்னாலிருந்து குடுவையைப் பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

ராவ்சாகிப் காலத்தில் யாரோ ஒரு டாக்டர் அந்தப் பாம்பின் வயிற்றைக் கீறித் திறந்து வைத்திருந்தார். உள்ளே ஒன்றின் முனையில் ஒன்று முட்டியபடி நீளமான வெள்ளை முட்டைகள் சரமாக இருந்தன. முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு அவை தெரியவில்லை. ஏனென்றால் சரியாக அந்த இடத்தில்தான் ஆண் என்ற சீட்டை ஒட்டியிருந்தார் கோவிந்தராசு.

"மாலதி, இங்க வந்து பாரேன். முட்டை."

மாலதி எட்டிப் பார்த்தாள். "அட ஆமா. ஆம்பளைக்கு மசக்கை." பிறகு அவளே தணிந்த குரலில் சொன்னாள்: "பாத்தாச்சுல்ல, வா. வாயத் தொறக்காத. பரிசு குடுக்கற வரைக்கும் அது ஆம்பளதான்."

சாப்பாட்டுக்குப் பிறகு வினாடி வினா. இருபத்தைந்து கேள்விகள், எல்லாம் சீட்டுகளிலிருந்து. சாஜிதா பதினாறு வரைக்கும் கடகடவென்று எழுதிவிட்டாள். பதினேழாவது கேள்வி இப்படி இருந்தது: நல்ல பாம்பின் ஆண் எது?

பையில் விண்ணப்பம் இருந்தது. பாதுகாவலர் என்ற இடத்தில் ஒரு விரற்கடை வெள்ளை. அதை நிரப்ப இந்த இடத்தில் இரண்டே எழுத்து எழுதினால் போதும். சா. ரை. அவளுக்கு எதிரில் இருந்த மாலதி எழுதிவிட்டு, காகிதத்தைச் சற்றுத் தூக்கியே பிடித்துக் காட்டினாள். கண்ணை வேறு உருட்டினாள்.

சாஜிதா சா என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் அறுபத்து மூன்று நாள் ஈரம் தெளித்தது இந்தக் கைதான். முட்டைக்குள்ளிருந்து சாரை வந்ததைப் பார்த்தது இந்தக் கண்தான். இந்தப் படிப்பைப் படிப்பதற்கு இந்தப் பொய்யை எழுதவேண்டும் என்றால், அப்புறம் அதில் படிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த நிமிஷமே குவைத்து மாப்பிள்ளை வீடும் தோன்றியது. மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது சா என்பதை அடித்துவிட்டு எழுதினாள்: நல்ல பாம்பின் ஆண் நல்ல பாம்புதான். சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

முடிவை மேடையில் வாசித்தார்கள். முதல் பரிசு மாலதி, இருபத்தைந்து. இரண்டாம் பரிசு சாஜிதா, இருபத்து நான்கு. இயற்கை அறிவியலுக்கு அன்று கிடைத்த தலைசிறந்த பெண், ஆக, கம்ப்யூட்டருக்குப் போகிறவள். மாலதி எழுந்து போகும்போது சாஜிதாவின் தோளைக் கிள்ளினாள். "நான்தான் காமிச்சேன்ல, லூசு."

கைதட்டல் அடங்கியதும் சாஜிதா எழுந்து நின்றாள்.

"சார், பதினேழாவது கேள்வியில ஒரு சந்தேகம்."

"விடைத்தாள்ல சாரைன்னுதான்மா இருக்கு" என்றார் கோவிந்தராசு.

"சாரை ஆணுன்னா, அந்தக் குடுவையில இருக்கறதோட வயித்துல முட்டை இருக்கே, சார்."

மேடையில் ஏழு நாற்காலியும் ஒருமுறை அசைந்தன. கோவிந்தராசு சிரித்தார்.

"அது தின்ன முட்டைம்மா."

இந்தச் சமயத்தில்தான் மணி நாலரை ஆகி, மருமகளை அழைத்துப்போக அல்லா பிச்சை மாமா உள்ளே வந்து நின்றார். நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக நினைத்ததால் அவரை யாரும் தடுக்கவில்லை.

"என்ன புள்ள, வாங்கிட்டியா?"

"ரெண்டாவது, மாமா. ஒரு மார்க்குல போச்சு."

"ஒரு மார்க்கா? எதுல?"

அவள் சொன்னாள். ஒரு காயில் ஏமாற்றினாலும் மண்டியில் சாயந்தரம் வரைக்கும் பேசுகிறவர் மாமா. அவர் மேடையையும் பார்க்கவில்லை, விருந்தினரையும் பார்க்கவில்லை. நேரே நடு மண்டபத்துக்குப் போனார். பின்னாலேயே கோவிந்தராசு ஓடினார். அவர்களுக்குப் பின்னால் நாற்பது பெண்களும் போனார்கள். அன்று முழுவதும் அவர்கள் அவ்வளவு ஆர்வத்தோடு எந்தக் காட்சிப்பெட்டிக்கும் போகவில்லை.

மாமா குடுவைக்குப் பின்னால் குனிந்து, விரலைக் கண்ணாடியில் வைத்து எண்ணினார்.

"பாய், கண்ணாடியைத் தொடாதீங்க."

"இருங்க சார், எண்ணிக்கை தப்பிப்போயிரும். எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு." நிமிர்ந்தார். "பதினொண்ணு. தின்னதுங்கறீங்க?"

"ஆமாம் பாய். பாம்பு முட்டை குடிக்கும்னு கேட்டதில்லையா?"

"கேட்டிருக்கேன். பதினொரு முட்டையும் ஒடையாம முழுங்கி, வயித்துக்குள்ள வரிசையா அடுக்கி வெச்சுக்கிட்டுச் செத்துச்சா? எங்க மண்டியில ஆள் வெச்சு அடுக்குனாகூட இப்படி வராதுங்களே."

பெண்கள் பக்கம் சிரிப்பு கேட்டது. கோவிந்தராசு கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், இது விஞ்ஞானம். அபூர்வமா சில சமயம் ஆண் பாம்புக்கும்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டார். மாமா பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஆண் பாம்புக்கும்? சொல்லுங்க சார்."

கோவிந்தராசு மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"அப்படின்னா அத இந்தச் சீட்டுல பெருசா எழுதிப் போடுங்க. 'முட்டை போடும் ஆண்'. சென்னையிலேருந்து கூட்டம் வரும்."

பின்னாலேயே வந்திருந்த எலிமருந்து மேலாளர் உலகம் தெரிந்தவர். விவகாரம் வளர்வதைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினார். "அருமையான கேள்வி. சந்தேகம்தான் அறிவியலின் தாய். இந்தப் பெண்ணுக்கு எல்லோரும் ஒரு கைதட்டு கொடுங்க" என்றார். கொடுத்தார்கள். மார்க்கை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. மேலாளர் காரில் ஏறிப் போய்விட்டார். ஒரு நாளில் ஒரு பெண்ணை எவ்வளவுதான் முன்னேற்ற முடியும், சொல்லுங்கள்.

சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மாமா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். சாஜிதா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பட்டுக்கோட்டை பஸ்ஸின் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, பஸ் ஸ்டாண்டில் அழ அவளுக்கு இஷ்டமில்லை.

"அது பொட்டைன்னு நீ எப்ப பாத்த?" என்று கேட்டார் மாமா.

"காலையிலயே, மாமா."

"பரிட்சைக்கு முந்தியா?"

"ம்."

"அப்ப சாரைன்னு எழுதுனா மார்க்கு குடுப்பான்னு தெரியும்."

"தெரியும்."

"எழுதலன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்னும் தெரியும்."

"தெரியும், மாமா."

மாமா டீயை ஆற்றினார். ஆறிய டீயையே மறுபடி ஆற்றினார்.

"சின்ன வயசுல நான்தானே ஒனக்கு அத ஆம்பளைன்னு சொல்லிக்குடுத்தேன்."

"ஆமா."

"அம்பது வருஷமா சொல்லிக்கிட்டுத் திரியிறேன். பதினொரு முட்டை, புள்ள. எண்ணிட்டேனே. எண்ணாம இருந்தாலாவது நீ சொல்றது பொய்யின்னு சொல்லிக்கிட்டு வந்திருக்கலாம்." டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கு. முதல் பரிசுன்னேன். இது ரெண்டாவது. இன்னிக்கு ஒனக்காக மாத்துனா, நாளைக்கு மண்டியில எவன் என்னய நம்புவான்?"

மாமா அவள் கையிலிருந்த சான்றிதழை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அச்சடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பழைய வருஷங்களில் பையன்கள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டி வைத்தபோது அச்சடித்து மிஞ்சிப்போன அட்டைகள் போலிருக்கிறது. மேலே, இயற்கை அறிவியலில் இளம் பெண்கள் என்று ரப்பர் முத்திரை மட்டும் புதிதாகக் குத்தியிருந்தார்கள். மாமா படிப்பதை ஓர் இடத்தில் நிறுத்தினார். திரும்பப் படித்தார். பிறகு சத்தமாகவே படித்தார்.

"'செல்வன் அ. சாஜிதா அவர்கள்.'"

சாஜிதா எட்டிப் பார்த்தாள். செல்வன் என்றுதான் இருந்தது. அச்செழுத்தில், கோவிந்தராசுவின் கையெழுத்துக்கு மேலே.

"அந்தப் பாம்பைத்தான் ஆம்பளையாக்கினானுங்கன்னு பாத்தா, ஒன்னயும் ஆக்கிப்புட்டானுங்களே" என்றார் மாமா. அவர் தாடி லேசாக ஆடியது. சிரிக்கிறாரா, கோபமா என்று அவளுக்குப் புரியவில்லை. "நான் என்ன சொன்னேன்? முதல் பரிசு வாங்கலன்னா பொம்பளப் புள்ளைக்கு இந்தப் படிப்பு வேணாம்னுதானே சொன்னேன்?"

"ஆமா, மாமா."

"ஆம்பளப் புள்ளைக்கு வேணாம்னு சொன்னேனா?"

"இல்ல."

"முத்திரையோட, ஒப்பத்தோட எழுதிக் குடுத்திருக்கான். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? நான் சொன்ன சொல்ல மாத்தல. கேட்டுக்க, யாரு கேட்டாலும் சொல்லு, மாத்தல. பேனா வெச்சிருக்கியா?"

சான்றிதழ் நல்ல கெட்டி அட்டை. அதை மடியில் வைத்து, அதன்மேல் விண்ணப்பத்தை விரித்து, பாதுகாவலர் என்ற இடத்தில் அல்லா பிச்சை மாமா தம் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சான்றிதழால் ஆன ஒரே உபயோகம் அதுதான். அட்டையில் பேனா அழுந்தி, செல்வன் என்ற எழுத்தின்மேல் அவர் கையெழுத்துத் தடம் விழுந்திருந்தது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் காலேஜில் விண்ணப்பம் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை டெலிபோனில் அத்தா கேட்டார்: "எந்தக் காலேஜும்மா? செத்த காலேஜுன்னு அம்மா சொன்னாளே?"

"அது வேறத்தா. இது உசுரோட இருக்கற காலேஜ்."

கடல் தாண்டிச் சிரிப்பு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது.

மறு வருஷம் ஜூனில் செத்த காலேஜில் மறுபடியும் பெண்களை முன்னேற்றினார்கள். பன்னீர்ச் செம்பு பிடிக்கச் சாஜிதாவின் காலேஜிலிருந்து நாலு பெண்களை அனுப்பச் சொன்னார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள் அவள். செம்பை வாசலில் வைத்துவிட்டு நேரே நடு மண்டபத்துக்குப் போனாள்.

சாரைக் குடுவையில் பழைய சீட்டு இல்லை. முட்டைகளை மறைக்காமல் சற்றுத் தள்ளிப் புதுச் சீட்டு, அதே அழகான கையெழுத்தில்: சாரை. நல்ல பாம்பின் பெண். விஷமற்றது.

பக்கத்துக் குடுவையிலும் மாற்றியிருந்தார்கள்: நல்ல பாம்பு. சாரையின் ஆண். கொடிய விஷமுள்ளது.

கோவிந்தராசு பின்னால் வந்து நின்றார். அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தில் பெருமிதம்.

"உன் கோரிக்கையை அறக்கட்டளைக் கூட்டத்துல வெச்சு ஏத்துக்கிட்டோம்மா. பாத்தியா? திருத்தியாச்சு."

சாஜிதா இரண்டு சீட்டுகளையும் படித்தாள். ஒரு வருஷத்தில் ஒரு சொல்லைச் சரியாக்கியிருந்தார்கள். அவளுக்குப் பட்டப்படிப்பில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கியிருந்தது.

"ரொம்ப நன்றி, சார்" என்றாள். "பதினேழாவது கேள்வி இந்த வருஷமும் உண்டுங்களா?"